பித்தளைப் பின்

இன்ஜின் சத்தம் மாறியதைத்தான் நான் முதலில் கேட்டேன்.

பனி தண்ணீரை விட்டு எழும்பிக்கொண்டிருந்த காலை. இக்கரையில், படகுத்துறைப் படிக்கட்டில், கடுங்காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். முதல் டிரிப் அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரையும் ஏற்றாமல் வெறும் படகாக அனுப்பியிருந்தேன். திரும்பும்போது என் மதினியைப் படுக்கவைத்துக் கொண்டுவர இடம் வேண்டும்.

மதினி பேச்சியம்மாள், என் அண்ணன் சுடலைமுத்துவின் மனைவி. நிறைமாதம். வலி கண்டுவிட்டது என்பதை அக்கரையில் மூங்கிலில் கட்டி உயர்த்திய சிவப்புச் சேலை சொன்னது. அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. சிவப்புத் துணி ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் இருக்கிறது, படகு உடனே வர வேண்டும். இது நான் ஏற்படுத்திய ஏற்பாடு.

படகின் சத்தம் தூரம் போகப் போகத் தையல் மெஷின் போலச் சிறுத்துக்கொண்டே போகும். அக்கரையைத் தொடும்போது அது காதுக்குள் இருக்கிறதா, நினைப்பில் இருக்கிறதா என்று தெரியாது. அன்று பாதித் தண்ணீரில் ஒரு அடி விழுந்தது. இரும்பில் இரும்பு மோதுவது போல் இல்லை. பல்லால் கல்லைக் கடித்தது போல. அடுத்த நொடி சத்தம் ஓவென்று ஏறியது. தண்ணீர் வற்றிய கிணற்றில் ஓடும் மோட்டார் அப்படித்தான் கத்தும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. படகு ஓடவில்லை.

டம்ளரைப் படியில் வைத்தேன். அது உருண்டு தண்ணீரில் விழுந்ததை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

மூன்று படகு

இந்தத் தொடரில் இதுவரை ஹாஸ்டல் கதைகளாக எழுதிவிட்டேன். டிப்ளமா முடித்த பிறகு என்ன வேலைக்குப் போனாய் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இதுதான் அந்த வேலை. மலைமேல் தாமிரபரணியைத் தடுத்து நிறுத்தும் ஓர் அணையில், படகு ஓட்டும் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். அணையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே என் ஆட்கள் இப்போதும் வேலை பார்க்கிறார்கள்.

அக்கரையில் ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். பாதி பூட்டிக் கிடக்கும் தோட்டம். அங்கே பிறந்தவள் நான். அரிசியும் மண்ணெண்ணெயும் மாத்திரையும் படகில்தான் போக வேண்டும். சுற்றிப் போகக் காட்டுப் பாதை உண்டு. யானை சம்மதித்தால் சாயங்காலத்துக்குள் வந்து சேரலாம்.

துறையில் இருக்கும் அரசாங்கப் பலகையில் 'படகுகள்: மூன்று' என்று எழுதியிருக்கும். ஒன்று கரையில் குப்புறக் கிடந்தது. அதன் நிழலில் நாய்கள் குட்டி போட்டிருந்தன. இன்னொன்று தண்ணீரில் மிதந்தது, இன்ஜின் இல்லாமல். அந்த இன்ஜினைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாக எடுத்து எடுத்து மூன்றாவது படகை ஓட்டிக்கொண்டிருந்தோம். கேட்பவர்களுக்கு எங்கள் பதில், "சர்வீஸுக்குப் போயிருக்கு."

புதுப் பாகம் கேட்டு முதலாளிக்குப் போன் போட்டால் அவர் சொல்வது ஒன்றுதான். "ஓடுத படகு ஓடுதுல்லா? பொறவு என்னம்மா அவசரம்?"

அந்த ஒற்றைப் படகுக்கு நேர அட்டவணை போட்டது நான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒன்று, ரேஷனுக்கு ஒன்று, தோட்ட வேலை விட்டு வருகிறவர்களுக்கு ஒன்று என்று பிரித்து, இன்ஜின் ஆறுவதற்கு நடுவில் இடைவெளி விட்டு, தகரத்தில் நானே பெயிண்டில் எழுதி மாட்டினேன். அதுவரை டிரைவருக்கு மனசு வந்தால் படகு. எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அந்தத் தகரத்தில் இருந்தது எங்கள் வம்சத்தின் முதல் கையெழுத்து. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

எங்கள் அப்பாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பலகைப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு வருகிறவர்களிடம் சொல்வார்: "எம் பிள்ள எழுதுன போர்டு. நேரம் பாத்துக்கிடுங்க."

வாத்தியாரும் மொட்டைச்சியும்

அணை கட்டிய காலத்தில் காட்டை வெட்டினார்கள். மரங்கள் போயின, அடிக்கட்டைகள் நின்றுவிட்டன. மழைக்காலத்தில் அவை எங்கேயோ ஆழத்தில். கோடையில்தான் அவற்றின் ராஜ்ஜியம்.

ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வயலுக்கும் வாழைக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. அங்கே பிசானப் பருவத்து நெல் பச்சை பிடித்து வளர வளர, இங்கே எங்களுக்குக் கட்டைகள் வளரும். முதலில் தண்ணீருக்குள் ஒரு கறுப்பு நிழல். பிறகு மேலே ஒரு சுழிப்பு. பிறகு வெள்ளையாக எலும்பு போல ஒரு நுனி, அதன்மேல் ஒரு நீர்க்காகம்.

வெளியே தெரிகிற கட்டையால் ஆபத்தில்லை. தெரியாமல் ஒரு சாண் ஆழத்தில் நிற்கிறதே, அதுதான்.

டிரைவர் அந்தோணி அண்ணன் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். அகலமாகத் தலை வழித்தது போல் இருப்பது மொட்டைச்சி. ஜோடியாக நிற்பவை மாமியாரும் மருமகளும். எதிர்பாராத இடத்தில் அடி கொடுப்பது வாத்தியார்.

அந்தோணி அண்ணன் குலசேகரன்பட்டினம் பக்கத்துக் கடற்கரைக்காரர். கடலில் ஓட்டிய மனிதர் மலைக்கு வந்து குளம் போன்ற இடத்தில் கட்டையோடு மல்லுக்கட்டுகிறாரே என்று எல்லோருக்கும் இளக்காரம். அதிலும் மாரியக்கா. தோட்டத்தில் மிளகு பறிக்கிறவள், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"யய்யா அந்தோணி, கடல்ல சுறாவெல்லாம் ஒமக்கு வழிவிட்டுதுன்னு சொன்னீரு. இங்கன ஒரு கட்ட வழிவிட மாட்டேங்குதே வே!"

"சுறாவுக்குக் கண்ணு உண்டு மக்கா. கட்டைக்கு இல்ல."

அண்ணன் கொண்டுவந்த கம்பி

எங்கள் படகில் இருந்தது பின்பக்கம் மாட்டும் இன்ஜின். தண்ணீருக்குள் சுற்றும் விசிறியையும் அதைச் சுற்றவைக்கும் தண்டையும் இணைப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு பித்தளைப் பின். விசிறி கட்டையில் மோதினால் அந்தப் பின் உடையும். அதற்கு இருக்கும் ஒரே வேலை அதுதான். அது உடைந்தால் விசிறி தனியே நின்றுவிடும். அடி உள்ளே கியருக்குப் போகாது. இன்ஜினைத் தூக்கி, விசிறியைக் கழற்றி, புதுப் பின்னைச் சொருகினால் படகு கிளம்பிவிடும்.

வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உடைவதற்கென்றே ஒரு சாமானைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வெயிலில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுத்தண்ணீரில் காத்திருப்பவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். கோடை முற்றினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பின் உடையும். ரேஷன் கடை மூடிவிடும். பஸ் போய்விடும். பிள்ளைகள் பரீட்சைக்குப் பிந்துவார்கள். "ஒரு பின்னு ஒழுங்கா வாங்கிப் போடத் துப்பில்லாத கம்பெனி" என்று எல்லோரும் ஏசுவார்கள். அந்த ஏச்சு முழுவதும் அந்தோணி அண்ணன் தலையில் விழும்.

அப்படி ஒரு நாளில்தான் என் அண்ணன் அந்தக் கம்பியைக் கொண்டுவந்தான். தோட்டத்து ஃபாக்டரியில் பழைய டிரில் பிட் ஒன்று கிடந்ததாம். அதன் தண்டு பித்தளைப் பின் இருக்கும் அதே கனம். இரும்பையே துளைக்கிற உருக்கு. அளவாக வெட்டி, முனை தேய்த்துக் கொடுத்திருக்கிறான்.

"அண்ணாச்சி, இதப் போடுங்க. இது உடையாது. இவளுக்கு மாசம் நெருங்குது. நடுத்தண்ணில நின்னுரக் கூடாது பாத்துக்கிடுங்க."

நான் அன்று அங்கே இல்லை. கியர் ஆயில் வாங்க மலையிறங்கி வண்ணார்பேட்டைக் கடைக்குப் போயிருந்தேன். இதெல்லாம் எல்லாம் முடிந்த பிறகு மாரியக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பின்னை மாட்டி, வேண்டுமென்றே மொட்டைச்சியில் லேசாகத் தட்டிப் பார்த்தார்களாம். படகு குலுங்கிவிட்டுப் போய்விட்டதாம். படகில் இருந்த எல்லோரும் கைதட்டினார்களாம். அண்ணன் மறுநாள் அந்தோணி அண்ணனுக்கு ஒரு சேவல் கொடுத்தான்.

ஊரிலிருந்து திரும்பிய எனக்கு அந்தக் கோடை அதிசயமாகப் போனது. ஒரு டிரிப்கூட நிற்கவில்லை. கட்டைப் பகுதியில் பைய ஓட்ட வேண்டும் என்று அப்போதுதான் ஒரு விதி போட்டிருந்தேன். அதனால்தான் என்று நினைத்தேன். முதலாளிகூடப் போனில் பாராட்டினார்.

கட்டையில் பட்ட ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே கியரின் பல்லில் ஒரு கீறல் விழுந்துகொண்டிருந்தது. வெளியே எங்களுக்கு டிரிப் நிற்கவில்லை.

சிவப்புச் சேலை

அந்தக் காலைக்கு வருகிறேன்.

அந்தோணி அண்ணன் இன்ஜினைத் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. பின் உடைந்திருக்கும், மாற்றிவிடுவார் என்று நின்றேன். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். பிறகு எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அதற்கு அர்த்தம் புரிந்தது.

படகுத்துறையில் இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது படகைத் தள்ளினேன். வெறும் கூடு. துடுப்பு என்று ஒன்று அந்தத் துறையிலேயே கிடையாது. இன்ஜின் படகுக்குத் துடுப்பு எதற்கு என்று எவரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி வலித்தோம். காற்று எங்களைத் திருப்பித் திருப்பிக் கரைக்கே கொண்டுவந்தது. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. சேலை அங்கே பறந்துகொண்டிருந்தது.

பிறகு அது இறங்கியது.

மூங்கில் சங்காடத்தில் மதினியை ஏற்றுகிறார்கள் என்று என்னோடு வலித்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார். சங்காடம் என்றால் மூங்கிலைச் சேர்த்துக் கட்டிய மிதவை. சின்ன வயதில் என்னை அதில்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். படகு வந்ததும் அது விறகு கட்டி இழுக்கிற சாமான் ஆகிவிட்டது.

ஆழம் குறைந்த இடம் வரை கம்பு ஊன்றி வந்தார்கள். அப்புறம் கம்பு எட்டவில்லை. கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, நின்றுபோன படகு வரை வந்து சேர்ந்தார்கள். அந்தோணி அண்ணன் படகின் இருக்கைப் பலகைகளைப் பெயர்த்து அவர்கள் கையில் கொடுத்தார். அவர் ஏறவில்லை. ஒரு ஆள் கனம் குறைந்தால் அவ்வளவு வேகம். அந்தப் படகில் தனியே நின்று, சங்காடம் இக்கரை சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்துவிட்டது அவர்கள் வரும்போது. மூங்கில் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி மதினி முழுக்க நனைந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள்.

"ஏட்டி இசக்கி... உன் போர்டுல இந்த நேரமா போட்டிருக்க?"

ஜீப்பில் தூக்கி வைத்தோம். பாபநாசம் இறங்கும் வளைவுகள் ஒவ்வொன்றிலும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அம்பாசமுத்திரம் வந்தபோது பிடிக்கவில்லை.

மதினி பிழைத்தாள். குழந்தை பெண். அழவில்லை. தலைநிறைய முடி. வெள்ளைத் துணியில் சுற்றி அண்ணன் கையில் கொடுத்தார்கள். "கொஞ்சம் முந்தி கொண்டாந்திருக்கலாமேம்மா" என்றார் நர்ஸ், என்னைப் பார்த்து. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. படித்தவள் போல் இருப்பவளிடம் சொன்னார்.

சாக்கின் மேல்

இன்ஜினைக் கரைக்குக் கொண்டுவந்து, சாக்கை விரித்து, அதன்மேல் கியர்ப் பெட்டியைத் திறந்தோம். கறுத்த ஆயில் வடிந்தது. அதோடு பற்கள் கொட்டின, உரலில் இடித்த உளுந்து போல. விசிறியிலிருந்து அந்தோணி அண்ணன் பின்னைத் தட்டி எடுத்தார். என் கையில் வைத்தார். துடைத்துப் பார்த்தேன். பளபளவென்று, ஒரு வளைவு இல்லாமல், முழுசாக இருந்தது.

அண்ணன் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தான். மதினிக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவன்.

"இது நான் கொண்டாந்ததுல்லா?"

"கட்ட பெருசு மக்கா," என்றார் அந்தோணி அண்ணன் அவசரமாக. "வாத்தியாரு. எந்தப் பின்னா இருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்."

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. "இசக்கி, நீ படிச்சவ. நீ சொல்லு. பழைய பின்னா இருந்தா?"

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. படித்த பெண் என்று கொண்டாடியிருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள். படிப்பை நம்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. முதல் கேள்வி இதுவாக இருந்தது.

"உடைஞ்சிருக்கும்," என்றேன்.

"உடைஞ்சா?"

"மாத்திட்டுப் போயிருப்பாக. காலையிலேயே மதினி இங்கன வந்திருப்பா." மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னேன். "ஆனா அண்ணே, ரெண்டாவது போட்டு ஓடுத நெலையில இருந்திருந்தாலும் வந்திருப்பா. உன் கம்பி மட்டும் இல்ல."

இரண்டாவதாகச் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. என் கையிலிருந்து பின்னை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் படகில் ஏறவே இல்லை. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் சங்காடம்.

பொய் சொல்லியிருக்கலாமே என்று அம்மா பல நாள் என்னிடம் பேசவில்லை. சொல்லியிருந்தால் அவன் இன்னொரு உருக்குக் கம்பியை, இன்னும் கனமாக, கொண்டுவந்திருப்பான். எங்கள் ஆட்கள் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள்.

முதலாளி வந்தார். சாக்கைப் பார்த்தார். "இந்தக் கோடையில ஒரு டிரிப்பும் நிக்கலயேம்மா. நல்லாத்தான ஓடுச்சு?"

"அதுதான் கேடு, அண்ணாச்சி," என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்த முறை வண்ணார்பேட்டைக்கு என்னோடு காரில் வந்தார். இரண்டு இன்ஜினுக்கும் கியரும் குறைந்த மற்றப் பாகங்களும் வாங்கும் வரை நான் கடையை விட்டு இறங்கவில்லை.

டப்பா

பித்தளைக் கம்பி வாங்கி, அளவாக வெட்டி, ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டேன். படகு குலுங்கும்போதெல்லாம் கிலுகிலுக்கும். வேறு கம்பி மாட்டக்கூடாது என்று தகரத்தில் எழுதி மாட்டினேன். என் அட்டவணையையும் அழித்துத் திருத்தினேன். கோடை மாதங்களில் ஒவ்வொரு டிரிப்புக்கும் நடுவில், படகு வழியில் நிற்கும் என்று கணக்கு வைத்தே இடைவெளி விட்டேன். இரண்டாவது படகை எப்போதும் இன்ஜினோடு துறையில் நிறுத்தினேன். அது ஓடாமல் சும்மா நிற்பதைப் பார்த்து முதலாளிக்கு வயிறு எரியும்.

ஜனங்களுக்கும்தான்.

அடுத்த கோடையில் மறுபடி பின்கள் உடைய ஆரம்பித்தன. மறுபடி ஏச்சு, இந்த முறை என் தலையில். கைதட்டியவர்களே ஏசினார்கள். குழந்தை விஷயம் தெரிந்தவர்கள்கூட. வெயில் ஏறினால் மனிதருக்கு அந்த நேரத்து வெயில்தான் தெரிகிறது.

ஒரு நாள் மதினி ரேஷனுக்கு வந்து திரும்பும்போது நானும் படகில் இருந்தேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் படகு ஏறியது அன்றுதான். அரிசிப் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமியாரும் மருமகளும் கடந்தோம். மொட்டைச்சி கடந்தோம்.

வாத்தியார் இருக்கும் இடத்தில் படகு துள்ளியது. விசிறி நின்றது. அந்தோணி அண்ணன் இன்ஜினை அணைத்தார்.

தண்ணீர் படகின் வயிற்றில் தட்டும் சத்தம் மட்டும்.

"ஆரம்பிச்சாச்சு," என்றாள் மாரியக்கா. "போன வருசம் எப்படி ஓடுச்சு போட்டு! ஆபீசரம்மா வந்து பவுடர் டப்பா கட்டுனா, முடிஞ்சு போச்சு. இனி எப்ப அடுப்புப் பத்தவைக்க?"

வேறு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மதினி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன உடைஞ்சது?"

"பின்னு, மதினி."

"வேற ஒண்ணுக்கும் சேதம் இல்லையே?"

"இல்ல."

அவள் எட்டி டப்பாவைத் திறந்தாள். ஒரு பின்னை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மஞ்சளாக, மிருதுவாக, வெயிலில் மின்னியது. மாரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உடையட்டும் அக்கா," என்றாள் மதினி. "கொஞ்சம் இருப்போம்."

அந்தோணி அண்ணன் பின்னுக்காகக் கையை நீட்டினார். அவள் அதைக் கொடுத்தாள்.